மெக்கானிக் வீட்டுப் பிள்ளை

“நம்பறதுக்கு ஒரே ஒரு மெக்கானிக்கைக் காட்டுங்கம்மா. வேற எதுவும் கேக்கல.”

மலைப்பாதையின் பாதியில் இருந்தது அந்தச் சின்ன ஆசிரமம். அங்கிருந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டு வந்த பொன்னுரங்கத்துக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் குரு குருதானே.

“காருக்கு என்னப்பா?”

“பிரேக்கை மிதிச்சா கிறீச்சுன்னு கத்துதுங்க. ஒருத்தர் பிரேக் பேடு தேஞ்சிருச்சுன்னு மாத்தினாரு. கத்துச்சு. இன்னொருத்தர், அவன் போட்டது டூப்ளிகேட்டுன்னு கழட்டி வேற போட்டாரு. அப்பவும் கத்துச்சு. மூணாவது ஆளு, பழைய வண்டின்னா அப்படித்தான் கத்தும், பாட்டைச் சத்தமா வெச்சுக்கங்கன்னுட்டாரு.”

“வெச்சியா?”

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“மாசாமாசம் மகளைக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுங்க. ரத்தம் ஏத்தலைன்னா தாங்கமாட்டா. பஸ்ஸுல ஏத்தினா வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து மயங்கிடறா. இந்தக் காரை விட்டா எனக்கு நாதியில்ல.”



அம்மா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

“மூணு பேருக்கும் பிள்ளைங்க இருக்கா?”

“இருக்குதுங்க.”

“வண்டி சரியா இருக்குன்னா, உங்க பிள்ளையை இதுல உக்கார வெச்சு மலை இறங்கிக் காட்டுங்கன்னு கேளு. எவன் ஏத்தறானோ அவனை நம்பு.”

இவ்வளவு சுலபமா என்று பொன்னுரங்கத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் அவர் வருவது இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டது. ஆசிரமத்து நாய்கூட எழுந்து நின்றது. வண்டியை வாசல் மரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“கேட்டேம்மா! பையனுக்குப் பரீட்சைன்னான் ஒருத்தன். பிள்ளைக்கு மலைக்காத்து ஒத்துக்காதுன்னான் இன்னொருத்தன். மூணாவது ஆளு சண்டைக்கே வந்துட்டான். ‘என் பிள்ளையையா? உனக்கென்ன பைத்தியமா?’ன்னு கேட்டான்.”

“ஒருத்தனும் ஏத்தலையா?”

“ஒருத்தனும் ஏத்தலைங்க. வண்டி நல்லாருக்குன்னு சத்தியம் பண்ணினவனுங்க! இனி யாரை நம்பறதும்மா? உலகத்துல ஒரு மனுஷன்கூட மிச்சமில்லையா?”

அழுதார். வெட்கப்படாமல், வாய்விட்டே அழுதார்.

அம்மா எழுந்து வாசல்வரை வந்து மரத்தடியைப் பார்த்தார். காரின் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. வெளிறிப்போன மெல்லிய கை ஒன்று வெளியே நீண்டு, நாயைத் தடவிக்கொடுத்தது.

“ஒருத்தனும் ஏத்தலைன்னு சொன்னியே,” என்றார் அம்மா. “அப்ப அதுல இருக்கறது யார் பிள்ளைப்பா?”