ஆமை முதுகில் எழுதிய வணிகக் குறி

பறவைகளும் ஆமைகளும் மனிதர்களோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், பவழத்துறை என்ற துறைமுகத்தில் கண்ணாத்தாள் ஒரு வணிகக் குழுவை நடத்தி வந்தாள். மூலிகைகளைக் காயவைத்து மூட்டை கட்டி, கடல் கடந்த ஊர்களுக்கு அனுப்புவாள். அவள் கப்பல்களுக்கு முன்னால் பறந்து வழிகாட்டியது ஒரு கூழைக்கடா.

ஒரு மழைக்காலத்தில் சுனைத்தீவுக் குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அந்தத் தீவின் அலைமகள் வணிகக் குழு, நிலவேம்பு வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. கண்ணாத்தாள் அன்றே கப்பலில் மூட்டைகளை ஏற்றினாள். "அலைமகள் குழுவிடம் சேர்த்துவிடு" என்று சொல்லிக் கூழைக்கடாவை அனுப்பினாள். அதுவும் போய்த் திரும்பியது.

சில நாட்களில் அந்தக் குழுவின் தலைவன் சேந்தன் படகில் வந்து இறங்கினான்.

"மருந்து எங்கே அக்கா? என் மகளும் படுத்துட்டா."

"அனுப்பிட்டேனே தம்பி!"

கூழைக்கடா சிறகை ஒடுக்கிக்கொண்டது. "அலைமகள்னுதானே சொன்னீங்க? வடகரையில இருக்கிற அலைமகள்கிட்ட இறக்கினேன். அவங்களும் நிலவேம்பு கேட்டிருந்தாங்களாம். சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க."

படகருகே நீந்திக்கொண்டிருந்த கடலாமை தலையை உயர்த்தியது. "நான் போற கரையில எல்லாம் ஒரு அலைமகள் குழு இருக்கு. நீங்க யாரைச் சொல்றீங்கன்னு கூழைக்கடாவுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாத்தாள் சேந்தனைப் பார்த்தாள். "பேரை மாத்திக்கிறியா தம்பி?"

"எங்க தாத்தா வச்ச பேரு அக்கா."

"மத்தவங்களும் அதையேதான் சொல்வாங்க. பேர் இருக்கட்டும். கூடவே ஆளுக்கொரு குறி வேணும். ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. அதை எங்கே எழுதி வைக்கிறது? என் சுவரில் எழுதினா இந்த ஊருக்குத்தான் தெரியும்."

ஆமை மெல்லக் கரையேறியது. அதன் முதுகு கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தது.

"என் முதுகில செதுக்குங்க. நான் எல்லாக் கரைக்கும் போறவ. எந்தக் குழுவையும் சேர்ந்தவ இல்லை."

"வலிக்குமே!" என்றான் சேந்தன்.

"உன் மகளுக்கு வலிக்கலையா? சீக்கிரம்."

கண்ணாத்தாள் உளியை எடுத்தாள். ஆமை கண்ணை மூடிக்கொண்டது. ஒரு மீன், அதன் கீழே இரண்டு அலைகள். அதைச் சுற்றி ஒரு கட்டம். அதே குறியைச் சேந்தனின் கொடியிலும், மிச்சமிருந்த நிலவேம்பு மூட்டைகளிலும் சாயத்தால் எழுதினாள். சேந்தன் படகை விரட்டிக்கொண்டு முன்னால் போய்த் தன் தீவின் கரையில் கொடியை ஏற்றினான். பின்னால் வந்த கூழைக்கடா, கொடியையும் மூட்டையையும் ஒத்துப் பார்த்த பிறகே கப்பலைக் கரைக்கு அழைத்தது.

காய்ச்சல் இறங்கியது. சேந்தனின் மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

செய்தி பரவியதும் கரைகள்தோறும் குழுக்கள் ஆமையைத் தேடி வந்தன. வடகரை அலைமகளும் வந்தது. "அந்த மீன் கொடுத்தாச்சு, வேற கேளுங்க" என்று ஆமை சிரித்தது. அவர்கள் சங்குக் குறியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். ஒன்றோடொன்று கலக்காமலிருக்க ஒவ்வொரு குறிக்கும் தனிக் கட்டம் வெட்டினார்கள்.

குறிகளைக் கடல்நீர் எப்போதோ கரைத்துவிட்டது. ஆனால் கடலாமையின் முதுகு கட்டம் கட்டமாக ஆனது அன்று முதல்தான். ஒரே பேர் கொண்ட நிறுவனங்களும் ஆளுக்கொரு குறியோடு உலகெங்கும் வணிகம் செய்வதும் அன்று முதல்தான்.