பதினொரு முறை

லீலாபாய் பதினோராவது முறையாக எண்டர் பொத்தானை அழுத்தினாள். கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் பதில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒரு டாலர் குறி வந்து நின்றது. அதன் பக்கத்தில் சின்னக் கட்டம் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சரே, இது வாயத் தொறக்கமாட்டேங்கு.”

அவள் டீச்சர் என்று கூப்பிட்டது ஜெபினை. அவனுக்கு இருபத்தாறு வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. நாகர்கோவிலில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று, பதிவேட்டைத் திருப்பிவைத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவள் அவள்தான். பதினேழு வருடமாக வாசலில் வரவேற்பு மேசை அவளுடையது. போன மாதம் உள்ளே மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் வேலையில் ஓர் இடம் காலியானது. “நான் பாத்தா என்ன சார்?” என்று முதலாளி பொன்னையாவிடம் கேட்டுவிட்டாள்.

பொன்னையா அவளை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளிக்கிழமை ஒரு புது லேப்டாப் தருவேன். நம்ம டோக்கன் மென்பொருள அதுல ஓட வச்சுக் காட்டணும். யாரும் கூட ஒத்தாசைக்கு வரக்கூடாது. ஓடுனா அந்த நாற்காலி உங்களுக்கு. ஓடலன்னா வெளிய இருந்து ஆள் எடுத்துருவேன்.”

அது போன சனிக்கிழமை. இன்று செவ்வாய்.

ஜெபினின் பாடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. நேற்று அவள் ஜெபினின் குறிப்பில் இருந்த கட்டளைகளை, முன்னால் இருந்த டாலர் குறியையும் சேர்த்து அப்படியே அடித்தாள். எல்லாம் பிழை.

“அந்த டாலர் மெஷின் போடுறதுக்கா. ‘சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்’னு அர்த்தம்.”

“அது சொல்ல வேண்டியத நான் எதுக்குச் சொல்லிக்கிட்டு கெடக்கேன்!” என்று தலையில் கைவைத்துச் சிரித்தாள்.

இன்றைய கட்டளை ஒரே ஒரு வரி. புதிதாகச் சேர்த்த மென்பொருள் கருவிகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று ஒரு கோப்பின் கடைசியில் எழுதிவைக்கச் சொல்லும் வரி.

“எத்தன தடவ அடிச்சீங்க?” என்றான் ஜெபின்.

“பத்துக்கு மேல இருக்கும். காது கேக்கலியோ என்னமோ.”

ஜெபின் டிபன் டப்பாவை மூடினான். “அக்கா, எனக்கு நாளைக்கு லீவு வேணும். சார்ட்ட போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.”

“இப்பமா?”

“இப்பமே.”

பொன்னையாவின் அறைவாசலில் போய் நின்று சொன்னாள். அவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“தலைய நிமிந்து பாத்தாரா?”

“இல்ல.”

“அப்ப லீவு உண்டா, இல்லியா?”

“உண்டு மக்களே. கிடையாதுன்னா அந்த நிமிசமே தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவாரே. பதினேழு வருசமா பாக்கேன்.”

“இன்னும் பத்து தடவ போய்ச் சொல்லிட்டு வாங்க. காது கேக்கலியோ என்னமோ.”

“எதுக்கு? உனக்க லீவும் எனக்க வேலையும் சேந்து போறதுக்கா?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப இதும் பொன்னையா சார்தானா?”

“அவர விடப் பொறுமைசாலி” என்றான் ஜெபின்.

மூன்றெழுத்தில் ஏதோ அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைப் போட்டான். கோப்பு முழுவதும் திரையில் விரிந்தது. கடைசியில் ஒரே வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. அவள் விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று.

“அத்தனையும் கேட்டிருக்கு.”

“கேட்டிருக்கு.”

“ஒரு தடவயாவது ‘போதும் தாயே’ன்னு சொல்லிச்சா, பாரேன்!”

ஜெபின் கோப்பைத் திருத்துவதற்குத் திறந்து, விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். பத்து வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து முடித்ததும் கேட்டாள்:

“சொன்னது செஞ்சிட்டா இல்லியான்னு சந்தேகமா இருந்தா?”

“எட்டிப் பாருங்க. இப்ப பாத்தோம்லா, அது மாதிரி.”

“நாளைக்கு லீவுல எங்க போற?”

“தெரியலக்கா. கேட்டாச்சு, கெடச்சாச்சு. இனி எடுத்துத்தான் ஆகணும்.”

புதன்கிழமை அவன் வரவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் அவள் தனியாக எல்லாவற்றையும் நிறுவினாள், நிறுவியவற்றை நீக்கினாள், மறுபடி நிறுவினாள். வியாழனும் அப்படியே போனது. வியாழன் சாயங்காலம் பேருந்தில் வரும்போது தன் விரல்கள் கைப்பையின் மேல் கட்டளை அடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்துக் கையை மடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பொன்னையா புது லேப்டாப்பை மேசைமேல் வைத்து, அவளுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விற்பனையிலிருந்து மேலே வந்தவர். கறுப்புத் திரையைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஜெபின் கொஞ்சம் தள்ளி ஜன்னலோரம் நின்றான்.

லீலாபாய் கறுப்புத் திரையைத் திறந்தாள். முதல் கட்டளைக்கு அது கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

“கீபோர்டு போச்சா?”

“இல்ல சார். கடவுச்சொல்ல மட்டும் வெளிய காட்டாது.”

கருவிகள் வந்து சேர்ந்தன. அடுத்தது அந்த ஒற்றை வரி. அடித்தாள். டாலர் குறி வந்து நின்றது.

“ஒண்ணும் வரலியே” என்றார் பொன்னையா. “திரும்ப அடிங்க.”

முந்தின கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல் அம்புக்குறி வரை அவள் விரல் போனது. அங்கேயே நின்றது.

“வேண்டாம் சார். அதுக்குக் கேட்டுட்டு.”

எட்டிப் பார்த்தாள். ஒரு வரி இருந்தது. ஒன்றே ஒன்று.

நிறுவனத்தின் மென்பொருளை இறக்கிக்கொண்டாள். மருத்துவமனைகளில் வரிசை எண் கொடுக்கும் மென்பொருள் அது. அதற்கு வேண்டிய துணை நிரல்களை நிறுவச் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரை அசையவில்லை. இரண்டு நிமிடம் போனது. பொன்னையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜெபினைப் பார்த்தார்.

“என்னடே, சும்மா உட்காந்திருக்காங்க?”

“வேல நடக்கு சார்.”

மூன்றாம் நிமிடம் டாலர் குறி வந்தது. அவள் கடைசிக் கட்டளையை அடித்தாள். மென்பொருளை ஓட வைக்கும் கட்டளை அது.

திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின. சிவப்பு எழுத்துகள் மடமடவென்று இருபது முப்பது வரிகளுக்கு ஓடின. பொன்னையா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“போச்சா?”

லீலாபாய் ஜெபினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“போகல சார். இப்பதான் பேசுது.”

“என்ன பேசுது?”

“இருங்க, படிக்கேன்.”

மேலிருந்து ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் ஒரு பெயர் இருந்தது. தரவுத்தளத்தோடு பேசுவதற்கான துணை நிரல் அது. இந்த லேப்டாப்பில் இல்லை. அவள் பழகிய பழைய மடிக்கணினியில் யாரோ எப்போதோ போட்டு வைத்திருக்க வேண்டும். குறிப்பிலும் அது இல்லை.

“அட, உனக்கு இதுதான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றாள் திரையைப் பார்த்து.

“யார்ட்ட பேசுறீங்க?”

“இதுட்டதான் சார்.”

அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்து நிறுவினாள். ஓட வைக்கும் கட்டளையை மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை சிவப்பு இல்லை. பக்கத்தில் வெள்ளைச் சாளரம் ஒன்று திறந்தது. அதில் பெரிய எழுத்தில் இருந்தது: அடுத்த எண் 1.

பொன்னையா குனிந்து பார்த்தார். தன் கையாலேயே எண்டரை ஒரு தடவை தட்டினார். இரண்டு என்று மாறியது. மறுபடி தட்டினார். மூன்று.

“எம்மா லீலாபாய்” என்றார். “திங்கக்கெழமையே உள்ள வந்துருங்க. கடைசி நாற்காலி.”

அவர் அறைக்குப் போன பிறகும் அவள் கொஞ்சநேரம் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வரை போனாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“டீச்சரே.”

“ம்.”

“செவப்பு செவப்பா வந்தப்ப எனக்கு உயிர் போயிட்டு. உன்னப் பாத்தேன். நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கே. மனுசன் கொஞ்சம் கண்ணக் காட்டக்கூடாதா? நான் தப்பா எதயாவது அடிச்சிருந்தா?”

“அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன்க்கா.”

“அப்ப நீயும் இது மாதிரிதானா?” என்று திரையைக் காட்டிச் சிரித்தாள்.

வாசலில் தொலைபேசி அடித்தது. லீலாபாய் பாதி எழுந்தாள். அதற்குள் ஜெபின் போயிருந்தான். வரவேற்பு மேசையில் நின்றபடியே ரிசீவரை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேனாவைத் தேடினான்.