மோர் வாங்க வந்தவர்கள்

கொன்றைக்கோட்டையை ஆண்ட தென்னவராயர் நல்ல ராஜாதான். வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷம் புறா. மறுவருஷம் ஜோசியம். இந்தக் கதை நடந்த வருஷம் அவரைப் பிடித்துக்கொண்டது சர்வசித்து.

கடைகளுக்குப் பேர் வாங்கித் தருவது சர்வசித்துவின் தொழில். ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அல்வாக் கடைக்கு அவன் யோசனை சொன்னான். சந்துக்குச் சந்து தண்டோரா போட்டார்கள். போகிறவர் வருகிறவர் வாயிலெல்லாம் ஓர் உருண்டை அல்வா. தின்றவர்களை வாசலில் நிறுத்திப் புகழச் சொன்னார்கள். கூட்டம் ஆற்றங்கரைவரை நின்றது. உப்பரிகையிலிருந்து அதைப் பார்த்த ராயர், உலகத்தில் எல்லாத் தொழிலும் அல்வாதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவு அம்பலத்தாடியின் தலையில் வந்து விடிந்தது.

அம்பலத்தாடி அரசவையில் பிறருக்காக வழக்குப் பேசுகிறவர். தேரடித் தெருவில் வீடு. முன்வாசல் பக்கம் யாரும் வருவதில்லை. பின்புறம், நந்தவனத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. வழக்குள்ளவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள், கையில் ஒரு சொம்போடு. யாராவது பார்த்துவிட்டால், "மோர் வாங்கப் போறேன்" என்பார்கள். பங்காளிச் சண்டையா, மாப்பிள்ளை ஓடிப்போனதா, எல்லாம் மோர்தான். அம்பலத்தாடி வீட்டில் மாடே கிடையாது. அது ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை. அவரவருக்கும் ஒரு நாள் மோர் தேவைப்படுமே.

"உம்ம முன்வாசலில் ஒரு காக்கைகூட இல்லையாமே. எப்படிப் பிழைக்கிறீர்?" என்று கேட்டார் ராயர்.

"ஏதோ ஓடுது, மகாராஜா."

"ஓடினால் போதுமா? சர்வசித்து சொல்கிறபடி செய்யும். பௌர்ணமி சபைக்குள் வாசலில் கூட்டம் நிற்கணும். இல்லாவிட்டால் உம்ம ஆசனத்தை வேறு யாராவது சுறுசுறுப்பானவருக்குக் கொடுத்துவிடுவேன்."

சர்வசித்து வந்தான். பின்கதவைப் பார்த்ததும் 'உச்' கொட்டினான்.

"முதல்ல இதை அடைக்கணும், ஐயா. ஜெயிச்சவங்க பேரைச் சொல்லித் தண்டோரா போடணும். யாருக்கு யாரோட தகராறு, எப்படி ஜெயிச்சாங்கன்னு விவரமா. பெரிய மனுஷங்க பேர்ல ஆரம்பிச்சா இன்னும் நல்லது."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்களே."

"அல்வா தின்னவன் வெக்கப்பட்டானா?"

இதற்கு மேல் ஒரு ஞானியிடம் என்ன பேசுவது? சர்வசித்து பின்கதவைப் பலகை வைத்து அடைத்தான். பெரிய மனுஷர்கள் பேரை அம்பலத்தாடி சொல்லாததால், ஊரில் விசாரித்து அகப்பட்ட பேரைத் தண்டோராக்காரனிடம் கொடுத்தான்.

"எண்ணெய்க்கடைப் பூவராகன், மாமனாரோட வரப்புத் தகராறிலே..." என்று தண்டோரா தொடங்கியதுதான் தாமதம், பூவராகன் ஓடிவந்து பறைத்தோலின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். "இப்பத்தான் என் பெண்டாட்டி என்னோட பேச ஆரம்பிச்சா. கெடுத்துடாதேப்பா."

அன்றோடு சந்து வெறிச்சோடியது. முன்வாசலுக்கும் யாரும் வரவில்லை.

"இனிமே நிஜமாவே மோர் வித்தாத்தான் அடுப்பு எரியும்," என்றாள் அம்பலத்தாடியின் மனைவி.

அவர் நேரே திருமலைக்கொழுந்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கொழுந்து ராயரின் பக்கத்திலேயே உட்காருகிறவர். சிரிக்கவும் யோசிக்கவும் ராயர் அவரைத்தான் நம்பியிருந்தார்.

"யோசனையைப் பாதிதானே கேட்டிருக்கீர், ஓய்," என்றார் கொழுந்து. "பெரிய மனுஷன் பேர்ல ஆரம்பிக்கணும்னு அவன் சொன்னானா இல்லையா?"

"நான் யார் பேரையும் வெளியே சொன்னதில்லை. ஆசனம் போனாலும் சொல்ல மாட்டேன்."

"நீர் சொல்ல வேண்டாம். ஆடி மாசம் உம்ம வீட்டுக்கு வெள்ளிச் சொம்போட மோர் வாங்க ஒருத்தன் வந்தானே, அவன் சொல்லுவான்."

அம்பலத்தாடி எழுந்து கதவைச் சாத்தினார். அப்படி வந்தவர் கொழுந்தேதான். அனுப்பியது யார் என்று இருவருக்கும் தெரியும்.

பௌர்ணமி சபை கூடியது. திரைக்குப் பின்னால் மகாராணி. ராயர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "கூட்டம் வந்ததா?"

"வரவில்லை, அரசே," என்றார் கொழுந்து. "தப்பு யோசனையில் இல்லை. சின்னப் பேரில் தொடங்கிவிட்டார்கள். பெரிய பேராக ஒன்று வைத்திருக்கிறேன். இங்கேயே போட்டுக் காட்டட்டுமா?"

"பேஷாக," என்றார் ராயர். சர்வசித்து பெருமையோடு தலையாட்டினான்.

தண்டோரா முழங்கியது. "சகலருக்கும் தெரிவிப்பது. அம்பலத்தாடியிடம் யோசனை கேட்டுத் தப்பித்தவர்களில் தலையானவர் ஒருவர் உண்டு. கல்யாணத்தில் அவருக்குச் சீராக வந்த பொருளை மைத்துனர் திரும்பக் கேட்டார். கொடுக்காமல் இருக்க வழியுண்டா என்று, வீட்டம்மாவுக்குத் தெரியாமல்..."

ராயர் மெல்லுவதை நிறுத்தினார்.

"...ஆள் அனுப்பிக் கேட்டார். அந்தப் பொருளுக்கு நாலு கால். முன்பக்கம் நீளமாக..."

"போதும், நிறுத்து," என்றார் ராயர்.

திரைக்குப் பின்னால் வளையல் அசைந்தது. "அது என்ன பொருள்? கேட்க நன்றாக இருந்ததே," என்றது மகாராணியின் குரல்.

"கட்டிலாக இருக்கும், தேவி," என்றார் ராயர்.

வெளியே கொட்டிலில், மகாராணியின் பிறந்த வீட்டுச் சீராக வந்த யானை நீளமாக ஒரு பிளிறு பிளிறியது. அம்பலத்தாடி தரையைப் பார்த்துக்கொண்டார்.

ராயர் கொழுந்தின் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். "அடப்பாவி. அப்புறம் ஒரு வழக்குரைஞனுக்கு எப்படித்தான் ஐயா பேர் பரவும்?"

"அரசருக்கு அம்பலத்தாடி பேரை யார் சொன்னது?"

"சேனாபதி. காதோடு சொன்னான்."

"அதுதான் இவருடைய தண்டோரா, அரசே."

ராயர் சற்று நேரம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்பலத்தாடியின் ஆசனம் அவருக்கே நிலைத்தது. பின்கதவை அரண்மனைத் தச்சனே திறந்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. கொழுந்துக்குச் சால்வை. அம்பலத்தாடிக்குக் கன்றோடு ஒரு பசு. "அந்த வீட்டுக்கு ஒரு மாடு அவசியம்," என்றார் ராயர். ஏன் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பின்கதவை யாரோ விரலால் தட்டினார்கள். அம்பலத்தாடி திறந்தார். தலையில் துண்டு, கையில் சொம்பு, துண்டுக்குள் சர்வசித்து.

"கொஞ்சம் மோர் கிடைக்குமா, ஐயா? ஊரே ஓசி உருண்டை தின்னுட்டுப் போயிடுச்சு, ஒருத்தனும் அல்வா வாங்கலைன்னு அந்தக் கடைக்காரன் என்மேல வழக்குப் போட்டுட்டான்."

"தாராளமா. முன்வாசல் வழியா வாங்க, தண்டோராக்காரனைக் கூப்பிடறேன்."

சர்வசித்து துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மெதுவாப் பேசுங்க, ஐயா."