பீச்சாங்கைக்காரனின் கடைசிப் பந்து

கூப்பிட்ட டீமுக்கெல்லாம் கூலிக்குப் பந்து போடுகிறவன் சேர்மக்கனி. அவன் வயிற்றுப்பாடே அந்த இடதுகைதான். ஆனால் எந்த ஊரும் அவனை ஒரு சீசனுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

அன்று எதிரே மட்டையோடு நின்றவர், கோப்பைப் போட்டியையே தன் பெயரில் நடத்தும் ரைஸ்மில் பொன்னுத்துரை. அம்பயர் அவர் மச்சினன். பொன்னுத்துரையின் ஸ்டம்ப் சாய்ந்தால் போதும், பந்து போட்டவன் கால் கோட்டைத் தாண்டிவிட்டதென்று "நோ பால்!" சொல்லிக் கையை நீட்டிவிடுவான். சேர்மக்கனிக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று.

"ஏலே பீச்சாங்கை, கடைசிப் பந்து. என்னை அவுட்டாக்கலேன்னா இந்த வட்டாரத்துல எவனும் உன்னைப் பந்து போடக் கூப்பிட மாட்டான், பாத்துக்கோ" என்றார் பொன்னுத்துரை.

"சரி மொதலாளி."

ஓடி வந்த சேர்மக்கனி கோடுவரை வரவேயில்லை. அம்பயரின் முதுகுக்குப் பின்னாலிருந்தே பந்தை விட்டான். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது.

"நோ பால்!" பழக்கதோஷத்தில் மச்சினன் கை நீண்டுவிட்டது. "கோட்டைத் தாண்டிட்டான்!"

"எங்கே தாண்டுனேன் அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் உங்க முதுகுக்குப் பின்னாலதானே நிக்கேன்!"