பாய்க்கு அடியில் எலுமிச்சம்பழம்

உப்பளத்தை ஒட்டிய பரிசோதனைத் திடலில் அன்று காலை பனி விலகவே இல்லை. சேற்றின் மேல் விரித்த அலுமினியத் தகடுகள் எங்கே முடிகின்றன, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எந்தச் சதுப்பிலும் ஒரே நாளில் விரித்து, படை விமானத்தை இறக்கிவிடலாம் என்று செய்த ஓடுதளம் அது. அங்கே எல்லோரும் அதைப் பாய் என்றுதான் சொல்வார்கள்.

ஞானதுரைக்கு ஐம்பத்தேழு வயது. விமானப்படையில் ஓய்வுபெற்று, பாயைச் சோதிக்கும் வேலையைக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த பெர்பெத்துவா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

விமானச் சக்கரம் பூட்டிய பார வண்டி ஆயிரத்து ஐந்நூறாவது முறையாகப் பாயின் மேல் ஓடி, பனிக்குள் மறைந்தது. அவர் வளைவு பார்க்கும் நேரான இரும்புச் சட்டத்தைத் தகட்டின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு டீச்சர். கையெழுத்துப் போட்டிரட்டுமா?"

"அவ்வளவு அவசரமா அண்ணாச்சி?"

"சனிக்கிழமை தீவுல விரிக்கணும்லா. முதல் விமானத்தை என் மக எஸ்தர்தான் இறக்குதா."

"பயப்பட மாட்டாங்களா?"

"அவளா? ஒவ்வொரு தடவையும் இறங்கினதும் எனக்குப் போன் போடுவா. குரல்ல ஒரு நடுக்கம் இருக்காது. பயம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு."

பெருமை பிடிபடவில்லை மனிதருக்கு.

தினமும் வண்டியை எடுக்கும் முன் சக்கரத்தடியில் வைத்து நசுக்க, ஓட்டுநர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். மிச்சமிருந்த ஒன்றைப் பெர்பெத்துவா வாங்கிக்கொண்டாள். ஒரு தகட்டைக் கழற்றச் சொன்னாள். அடியில் சேறு ஒதுங்கிப் பள்ளமாகியிருந்தது. பழத்தை அதில் வைத்து, தகட்டை மறுபடி மாட்டச் சொன்னாள். பழத்தில் படாமலே தகடு பொருந்தியது.

பனிக்குள்ளிருந்து வண்டி வந்தது. போனது. தகடுகள் கிணுகிணுத்து அடங்கின.

"அளங்க அண்ணாச்சி."

அளந்தார். இம்மியும் வளையவில்லை.

"இப்பத் தூக்குங்க."

பழம் தோலாகிக் கிடந்தது. எலுமிச்சை வாசம் பனியில் மெல்லப் பரவியது. இறங்குகிற வேகத்தில் ஒரு சக்கரம் அத்தனை ஆழம் அமிழ்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இவ்வளவு கீழ போயிட்டா தகடு திரும்பி வந்திருக்கு? ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தானே அளந்தேன்?"

"வண்டி போன பிறகு அளந்தீங்க."

அவர் பேனாவை மூடினார்.

"சனிக்கிழமை ஆகாதுன்னு எழுதிருதேன் டீச்சர். எஸ்தருக்கு ஏமாற்றமா இருக்கும். ஆனா அவ எதையும் தாங்கிக்கிடுவா. அவ குரலை வச்சே சொல்லிருவேன்."

பெர்பெத்துவா நசுங்கிய பழத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவங்க இறங்கின பிறகுதானே போன் போடுதாங்க அண்ணாச்சி?"