கை தட்டி வந்தவர்

“தாயே, நான் எந்த வரிசையில உட்காரட்டும்?”

கேட்டவர் சிற்றம்பலம். காதோரம் நரைத்தவர். மலை மேல் ஒரு மடத்தில் பாதிப் படிப்பை முடித்தவர். அங்கே குரு சமாதியாகி, மடமும் பூட்டிக் கிடக்க, மீதியைப் படிக்க ஆற்றங்கரை மடத்துக்கு வந்திருந்தார்.

இங்கே குரு பூங்கோதை அம்மையார். சிற்றம்பலத்தைவிட வயதில் சின்னவர்.

“புதுசா வந்தவங்களோட உட்காருங்க.”

மனிதருக்கு முகம் சுண்டிப் போயிற்று. இத்தனை வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதானா? ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

மூத்த சீடன் வேலப்பன் புதியவர்களுக்கு மடத்தைச் சுற்றிக் காட்டினான். இது கிணறு, இது அடுப்படி, விடியும்வரை தியானம், யாரும் சத்தம் போடக் கூடாது. மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே சிற்றம்பலமும் தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் இருட்டோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். பட், பட்டென்று கை தட்டிக்கொண்டே போனார். தியானத்தில் இருந்த அத்தனை பேரும் கண் திறந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாளும் தட்டினார்.

“இவர் நமக்குச் சரிப்பட மாட்டார், அம்மா. அனுப்பிடுங்க” என்றான் வேலப்பன்.

அம்மையார் சிற்றம்பலத்தைக் கூப்பிட்டார்.

“எதுக்குத் தட்டுறீங்க?”

“மலையில கரடி நடமாட்டம், தாயே. தட்டிக்கிட்டே நடந்தா ஒதுங்கிப் போயிடும். எங்க குரு பழக்கினது.”

“இந்தக் கரையில கரடி இல்லையே.”

“எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரியல.”

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“மறந்துடறேன், தாயே. அங்கே படிச்சது எல்லாத்தையும் மறந்துடறேன். திருப்பி மட்டும் அனுப்பாதீங்க. எனக்குப் போக இடமில்ல.”



அன்று முதல் சிற்றம்பலம் கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போனார். மடம் நிம்மதியாகத் தியானம் செய்தது. அவருக்குத்தான் நிம்மதி இல்லை. குருவையே துண்டில் சுருட்டி வைத்துவிட்ட மாதிரி நெஞ்சு கனத்தது.

மழைக்காலம் முடிந்தது. மூலிகை பறிக்க எல்லோரும் பரிசலில் அக்கரைக்குப் போனார்கள். அக்கரைக் காட்டில் கரடி உண்டு. எதற்கும் முந்திக்கொள்ளும் வேலப்பன் அன்று கடைசியில் நின்றான்.

அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

“சிற்றம்பலம், முன்னால வாங்க.”

“நானா?”

“அந்தத் துண்டை இப்படிக் கொடுங்க.”

கொடுத்தார். பிறகு தட்டினார். தட்டிக்கொண்டே காட்டுக்குள் நடந்தார். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

பின்னாலிருந்து இன்னொரு கை தட்டும் சத்தம் கேட்டது. தாளம் கொஞ்சம் தப்பியது. திரும்பிப் பார்த்தார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மையார் தட்டிக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்கா பாருங்க. உங்க குரு இப்படித்தான் தட்டுவாரா?”