மூணாம் டேபிள்

"கலர் பேஸ்ட்டு சரியில்லைங்க மாஸ்டர்."

மாரப்பன் வந்து நின்றார். கையில் பனியனில் எழுத்து அச்சடிக்கும் வலைச் சட்டம், ஸ்க்ரீன். நெற்றியெல்லாம் வேர்வை.

தவமணி கலர் கலக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னாச்சுங்ணா?"

"ஸ்க்ரீன் கண்ணு அடைச்சுக்குது. நாலு பீஸ் நல்லா விழுது. அஞ்சாவது பீஸ்ல பாதி எழுத்தைக் காணோம். இந்தப் பேஸ்ட்டை வச்சுக்கிட்டு எவனாலயும் அடிக்க முடியாது."

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவால என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"போன் வந்துச்சுங்ளே?"

"மச்சினன். ரெண்டு வார்த்தைதான் பேசுனேன்."

தவமணி பக்கத்தில் இருந்த டீ டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள். டீயின் மேல் தடியாக ஏடு கட்டியிருந்தது.

"நீங்க பேசப் போனப்ப வந்த டீ. குடிங்க."

மாரப்பன் டம்ளரைப் பார்த்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார். போய், பேஸ்ட்டு காய்ந்து அடைத்திருந்த ஸ்க்ரீனைக் கழுவினார்.

இந்த மாரப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். திருப்பூரில் சரக்கு ஏற்றினால் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் இறங்குவார். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போயிற்று. நடக்கலாம், மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் பனியன் மடிக்கும் வேலைக்கு வந்தார். மூன்று மாதம் மடித்தார். பிறகு ஒரு நாள் பிரிண்டிங் மாஸ்டர் முன்னால் போய் நின்று, "எனக்கு அடிக்கச் சொல்லிக்குடுங்க" என்று கேட்டார்.

மாஸ்டருக்கு வயது முப்பத்தொன்று. மாரப்பனின் மகளைவிட ரெண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான்.

பட்டறையே சிரித்தது. தவமணி மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குச் செருப்பில்லாம வாங்க. தரையில பேஸ்ட்டு கிடக்கும்" என்றாள்.

இப்படி ஆரம்பித்ததுதான்.

அடுத்த வாரம் அடித்த பனியன் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்தது. மாரப்பன் துணியைத் திட்டினார். தவமணி அவரை ஸ்க்ரீனோடு வெயிலுக்குக் கூட்டிப்போனாள்.

"மேல தூக்கிப் புடிங்க. எத்தன நட்சத்திரம் தெரியுது?"

"பட்டப்பகல்லயா?"

"பாருங்க."

பார்த்தார். ஸ்க்ரீனில் அடைபட்டிருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் வந்தது.

"பதினொண்ணுங்க."

"அடச்சுட்டு வாங்க."

அதற்கும் அடுத்த வாரம் அவர் அடித்த பனியனை வீட்டில் சம்சாரம் துவைத்தாள். பக்கெட் தண்ணீரில் படம் மிதந்தது. சம்சாரம் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், மனுசன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

"தொட்டுப் பாத்தேனுங்க மாஸ்டர். கையில ஒட்டல. நல்லாக் காஞ்சிருந்துச்சு."

"அரிசி காயறதும் வேகறதும் ஒண்ணுங்ளா?"

அன்றிலிருந்து அச்சை வேகவைக்கும் சூட்டு மெஷினில் நேரம் பார்த்து வைத்தார். ஒரு விநாடி குறைத்ததில்லை. இந்த மனுசனிடம் ஒரு விஷயம். கோபம் வரும், வீம்பு வரும், பழியைத் தூக்கி யார் மேலாவது போடுவார். ஆனால் மறுநாள் காலையில் எட்டரைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

ஆறு மாதம் போயிற்று.

ஒரு புதன்கிழமை தவமணி கூப்பிட்டாள்.

"ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு இருநூத்தி நாப்பது பனியன். சிவப்புத் துணி. ரெண்டு கலர். தனியா அடிச்சுப் பாக்கறீங்ளா?"

மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கறனுங்க."

"உபரியா இருபது பீஸ் வெட்டியிருக்குது. கெட்டுப்போறது அந்த இருபதுக்குள்ள நின்னா மூணாம் டேபிள் உங்களுது. தாண்டுச்சுன்னா பழையபடி மடிக்கப் போயிருங்க."

"சரிங்க."

"கெட்ட பீஸை எங்கிட்டக் காட்டுங்க."

"சரிங்க."

இந்த ரெண்டாவது 'சரிங்க'வில்தான் கோளாறு.

லாரி ஓட்டிய காலத்தில் வண்டியில் கீறல் விழுந்தால், ஓனர் பார்ப்பதற்குள் பெயிண்ட் அடித்துவிடுவார் மாரப்பன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கீறல்கூட ஓனர் கண்ணில் பட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு!

மூணாம் டேபிள் நீளமானது. வரிசையாக இருபது இடம். இருபது துணியையும் பசை தடவி ஒட்டிவிட்டு, ஸ்க்ரீனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடமாக நகர வேண்டும். எதிர்ப்பக்கம் ஸ்க்ரீனைப் பிடிக்க ஓர் ஆள். அது பாக்கியம் என்ற பெண். ஒவ்வோர் இடத்திலும் மாரப்பன் பக்கம் ஓர் இரும்பு ஸ்டாப்பர் இருக்கும். ஸ்க்ரீனை அதில் 'டொக்' என்று முட்டவைத்து அடித்தால் கலர் அதனதன் இடத்தில் விழும். முதலில் வெள்ளை ஒரு சுற்று. அது காய்ந்ததும் மஞ்சள் ஒரு சுற்று. அப்புறம் அடுத்த இருபது துணி.

படம் ஒரு கீரிப்பிள்ளை. உடம்பு வெள்ளை, கண் மஞ்சள்.

முதல் இருபதில் ரெண்டு கீரிக்குக் கண் மூக்கில் இருந்தது.

மாரப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். ரெண்டையும் உருவி, டேபிளுக்கு அடியில் இருந்த வேஸ்ட் சாக்கில் திணித்தார். பாக்கியம் பார்த்தாள்.

அடுத்த இருபதிலும் ரெண்டு. அதற்கடுத்தும் ரெண்டு. நாலாவது சுற்றில் மூன்று. ஐந்தாவதில் மறுபடி ரெண்டு. மாரப்பன் பசையை மாற்றினார். பேஸ்ட்டைக் கெட்டியாக்கினார். அழுத்தி அடித்தார், லேசாக அடித்தார். அட கெரகமே, என்ன செய்தாலும் கண் மூக்குக்கே போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் தவமணி முன்னால் போய் நின்றார்.

"பாக்கியத்தை மாத்துங்க மாஸ்டர்."

"ஏனுங்ணா?"

"அந்தம்மா கை நிக்க மாட்டேங்குது. கலர் நகருது."

"எத்தன பீஸ் போச்சு?"

மாரப்பன் வாயில் சட்டென்று வந்தது:

"நாலுங்க."

தவமணி எழுந்து வந்தாள். பாக்கியத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் தானே ஸ்க்ரீனைப் பிடித்தாள். இருபது துணி. வெள்ளை, மஞ்சள். இருபது கீரிக்கும் கண் கண்ணிலேயே இருந்தது.

"பாத்தீங்ளா? நாஞ்சொல்லல?" மாரப்பனுக்கு ஒரே சந்தோசம்.

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதினாலு வருஷம் ஸ்க்ரீன் பிடித்த கை அது.

தவமணி தன் இடத்துக்குப் போனாள்.

"பாக்கியக்கா, நீங்களே புடிங்க."

"மாஸ்டர்..." என்று இழுத்தார் மாரப்பன்.

"அடிங்கண்ணா."

அடித்தார். ஏழாவது சுற்றில் ரெண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை காலை எட்டாவதில் மூன்று. ஒன்பதாவதில் ரெண்டு. மாரப்பன் பாக்கியத்தை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"உன்ற கையை வச்சு என்ற பொழப்புல மண்ணள்ளிப் போடறயா?"

அவ்வளவுதான். பாக்கியம் ஸ்க்ரீனைத் தொப்பென்று வைத்தாள்.

"ஸ்டாப்பர் உங்க பக்கம் இருக்குது. முட்டவைக்கறது நீங்க. நானென்னத்த நகத்தறேன்? மாஸ்டர், இங்க வாங்க! நாலுன்னு சொன்னாரே, இந்தச் சாக்கைக் கொட்டிப் பாருங்க!"

பட்டறை நின்றது. ஒன்றாம் டேபிளும் திரும்பியது, ரெண்டாம் டேபிளும் திரும்பியது.

தவமணி வந்தாள்.

"சாக்கை எடுங்கண்ணா."

எடுத்தார். தரையில் கொட்டினார்.

"எண்ணுங்க."

"பதினெட்டுங்க."

"ஒவ்வொரு பீஸுலயும் வெட்டுனவங்க ஒட்டுன நம்பர் இருக்குது. படிங்க."

"பதினேழு. பதினெட்டு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு..."

படிக்கப் படிக்கக் குரல் மெதுவானது.

"அம்பத்தேழு. அம்பத்தெட்டு. எழுபத்தேழு..."

நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? டேபிள்ல அததோட இடத்துல வைங்க."

மாரப்பன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் பதினாறு இடமும் காலியாகக் கிடந்தது. பதினேழாவது இடத்தில் எட்டு கீரி. பதினெட்டாவதில் எட்டு. பத்தொன்பதில் ரெண்டு. இருபதில் ஒன்றும் இல்லை.

"ஆறாவது சுத்துலது ஒண்ணுகூட இல்லீங்ளே?"

"அது... நீங்க புடிச்சது."

தவமணி தலையாட்டினாள். "அங்க என்ன இருக்குதுன்னு நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கலர் கலக்க ஆரம்பித்தாள்.

மாரப்பன் பதினேழாவது இடத்தில் நின்றார். ஸ்டாப்பரை ஆட்டினார். ஆடவில்லை. பசையைத் தொட்டார். நன்றாகப் பிடித்திருந்தது. குனிந்து மேசையின் மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. முட்டி வலிக்க மண்டிபோட்டுக் கால்களையும் பார்த்தார். எல்லாக் காலும் தரையில்தான் நின்றன.

எழுந்து தலையை நிமிர்த்தினார்.

நேர் எதிரே மாஸ்டரின் நாற்காலி.

அசையாமல் நின்றார். பதினாறு இடம் வரைக்கும் தூண் மறைத்துக்கொண்டிருந்தது. பதினேழில் தூண் விலகியது. ஒவ்வொரு சுற்றும், அந்த இடத்துக்கு வந்ததும், தன் தலை தானாக நிமிர்ந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மாஸ்டர் பார்க்கிறாளா? பார்த்துவிட்டாளா? அந்த ஒரு நொடியில் ஸ்க்ரீன் ஸ்டாப்பரில் முட்டாமலே துணியில் உட்கார்ந்தது. மாஸ்டரே எதிரில் நின்று பிடித்த சுற்றில் நிமிர்ந்து தேட வேண்டிய தேவையே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மெதுவாக நாற்காலிக்குப் பக்கத்தில் போனார்.

"நீங்க பாக்கறீங்களான்னு பாத்திருக்கறேனுங்க."

"நானா?" தவமணி கரண்டியை வழித்தாள். "கலர் கலக்கறப்ப நான் எங்கீங்ணா நிமிந்து பாக்கறேன்? ஒரு சொட்டு எச்சாப் போனாக் கலரே மாறிப்போயிரும்."

தவமணியே மறுபடி கேட்டாள்:

"நாற்காலியைத் தூணுக்கு அக்கட்டால போட்டுக்கட்டுங்ளா?"

மாரப்பன் தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும்."

திரும்பி வந்தார். பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மாரப்பன் அவள் பக்கத்துக்கே போனார்.

"தப்பு என்ற மேலதான் அம்மிணி. ஒட்டுக்கா எல்லார் முன்னாடியும் உன்னையப் பேசிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், உன்ற கை சுத்தமான கை. மன்னிச்சுக்க."

பாக்கியம் ஸ்க்ரீனின் அந்தப் பக்கத்தைத் தூக்கினாள்.

பத்தாவது சுற்று. பதினாறு. பதினேழுக்கு வந்தார். தூண் விலகியது. கழுத்து நிமிரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாப்பரைப் பார்த்தார்.

டொக்.

பதினெட்டு. டொக். பத்தொன்பது. டொக். இருபது துணியும் சுத்தமாக வந்தது. மாரப்பன் மூச்சு விட்டார்.

பதினோராவது சுற்று. வெள்ளை முடிந்து மஞ்சள். ஒன்பதாவது இடத்தில் ஸ்க்ரீனைத் தூக்கியதும் பாக்கியம் 'ச்சூ' என்றாள்.

கண் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் துணியிலிருந்து ஒரு பஞ்சு நூல் பறந்து வந்து ஸ்க்ரீனில் ஒட்டியிருந்தது. கீரியின் கண்ணுக்குக் குறுக்கே மஞ்சளே விழாமல் ஒரு கோடு.

கெட்டதில் இது பத்தொன்பதாவது பீஸ். இன்னும் ரெண்டரைச் சுற்றுக்கு மேல் பாக்கி. உபரி இனி ஒண்ணே ஒண்ணுதான்.

காலடியில் சாக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பாக்கியம் சாக்கைப் பார்த்தாள். அப்புறம் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தூணுக்கு இந்தப் பக்கம், மாஸ்டருக்கு எதுவும் தெரியாது.

மாரப்பன் துணியை உரித்தார். தலைக்கு மேலே ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். லாரியில் ஹாரன் அடிப்பதுபோல, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"மாஸ்டர்! ஒம்பதாவது இடத்துல ஒண்ணு போச்சுங்க! வந்து பாருங்க!"

தவமணி எழுந்திருக்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கமிருந்து, கரண்டி சுற்றும் சத்தத்தோடு அவள் குரல் மட்டும் வந்தது.

"நான் எதுக்குங்ணா? உங்க டேபிள்தானே. நீங்களே பாருங்க."